நடுவில் நின்றாலும் மறுபடி ஓடும் ஸ்கிரிப்ட்: சேமிப்பகத்தை ஏபிஐ வழியாக நிர்வகிப்பது

கல்முனையில் ஒரு தொழிற்கல்வி நிறுவனத்தின் கணினிப் பிரிவைத் தனியாளாகக் கவனித்துவரும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் ட்ரூநாஸ் என்ற மென்பொருளில் ஓடும் சேமிப்பகம் ஒன்று இருக்கிறது. புதிய தொகுதி மாணவர்கள் சேரும் ஒவ்வொரு முறையும் 180 பேருக்குத் தனித்தனி இடம், ஆளுக்கு 20 ஜிபி கோட்டா (இட வரம்பு), நாள்தோறும் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) என்று இணையப் பக்கத்தில் ஒவ்வொன்றாகச் சொடுக்கி முடிக்க மூன்று நாள் போய்விடுகிறதாம். அடுத்து மட்டக்களப்புக் கிளைக்கும் ஒரு சேமிப்பகம் வரப்போகிறது. "அண்ணா, ஏபிஐ வழியாக இதையெல்லாம் ஒரே ஸ்கிரிப்டில் முடித்துவிடலாம் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? கை தவறினால் என்ன ஆகும்?" என்பது அவருடைய கேள்வி. ஏபிஐ என்பது ஒரு மென்பொருளிடம் இன்னொரு மென்பொருள் நேரடியாக வேலை சொல்லும் வழி; ஸ்கிரிப்ட் என்பது அப்படிச் சொல்லும் சிறு நிரல்.

தம்பி, இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

மாரி மழை பிடித்துவிட்டால் நம் பக்கத்தில் கரண்ட் எப்படி வந்து வந்து போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியொரு பிற்பகலில் உங்கள் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 96 மாணவர்களுக்கு இடம் போட்டாயிற்று. 97ஆவது மாணவருக்கான கோரிக்கை புறப்பட்டுவிட்டது. பதில் வருவதற்குள் மின்வெட்டு. சேமிப்பகம் யூபிஎஸ்ஸில் இருப்பதால் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இடையில் சுவரில் தொங்கும் சின்ன வலையமைப்பு சுவிட்ச் அணைந்துவிட்டது. இப்போது 97ஆவது இடம் உருவானதா, இல்லையா? ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. சேமிப்பகத்துக்கு மட்டும்தான் தெரியும்.

பலர் எழுதும் முதல் ஸ்கிரிப்ட் இந்த இடத்தில்தான் உடைகிறது. மறுபடி ஓட்டினால் முதல் மாணவரிடமே "இந்தப் பெயரில் ஏற்கெனவே இருக்கிறது" என்ற பிழையோடு நின்றுவிடும். உடனே பட்டியலைத் திறந்து முதல் 96 வரிகளை அழித்துவிட்டு மீண்டும் ஓட்டுவார்கள். 97ஆவது மாணவருக்கு இடம் உருவாகி, அனுமதி மட்டும் போடப்படாமல் இருந்திருந்தால் அது யாருக்கும் தெரியாது. இரண்டு கிழமை கழித்து அந்தப் பிள்ளை வந்து "சேர், என்னுடைய கோப்பு சேமிக்கப்படவில்லை" என்று நிற்கும்போதுதான் தெரியவரும்.

ஆகவே ஸ்கிரிப்டைக் கட்டளைப் பட்டியலாக எழுதாதீர்கள். "இந்த மாணவருக்கு இடம் உருவாக்கு" என்று எழுதும் இடத்தில், "இந்த மாணவருக்கு இந்த அளவில் இடம் இருக்க வேண்டும், இருக்கிறதா என்று கேள், இல்லையென்றால் உருவாக்கு, அளவு வேறாக இருந்தால் திருத்து, எல்லாம் சரியென்றால் தொடாமல் போ" என்று எழுதுங்கள். அப்படி எழுதிய ஸ்கிரிப்டை ஒரு முறை ஓட்டினாலும் பத்து முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றுதான். கரண்ட் போனால் தேநீர் குடித்துவிட்டு வந்து அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் போதும். இந்த ஒரு பழக்கம் கைவந்துவிட்டால் மற்றதெல்லாம் விவரங்கள்தான்.

இதை, இணையக் கோரிக்கைகளுக்கான எச்டிடிபி நெறிமுறையை வகுத்தவர்களும் யோசித்தே வைத்திருக்கிறார்கள். 2022இல் வெளியான ஆர்எஃப்சி 9110 என்ற தர ஆவணம், கெட் (வாசி), புட் (இப்படி வை), டிலீட் (அழி) ஆகிய கோரிக்கைகளை ஒருமுறை அனுப்பினாலும் பலமுறை அனுப்பினாலும் சேவையகத்தில் நோக்கப்படும் விளைவு ஒன்றே என்கிறது. போஸ்ட் என்ற கோரிக்கைக்கு அந்த உத்தரவாதம் இல்லை. புதிதாக ஒன்றை உருவாக்க நமக்குப் பெரும்பாலும் கிடைப்பதோ போஸ்ட்தான். டேட்டாசெட் (ஒவ்வொரு மாணவருக்கும் போடும் தனி இடம்) என்றால் பெயர் மோதிப் பிழை வரும். அது நமக்குக் காவல். எண் மட்டுமே அடையாளமாக உள்ள பொருள்களில், அதே போஸ்ட் சத்தமில்லாமல் இரண்டாவது பிரதியை உருவாக்கிவிடலாம். எனவே போஸ்ட்டுக்கு முன்னால் ஒரு கெட் கட்டாயம். அதற்காக 180 முறை கேட்க வேண்டாம். மாணவர் இடங்களெல்லாம் அடங்கும் தாய் டேட்டாசெட்டின் கீழ் உள்ள அனைத்தையும் ஒரே கேள்வியில் வாங்கி நினைவகத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

ஏபிஐ என்றால் என்ன என்பதை நம் ஊர் வழக்கில் சொன்னால் எளிதாக இருக்கும். வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் நாம் போய் மதகைத் திறப்பதில்லை. வட்டை விதானையிடம் சொல்கிறோம். எந்த வாய்க்காலில் எவ்வளவு நிற்கிறது, யாருடைய முறை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். சேமிப்பகத்துக்குள்ளும் அப்படி ஒரு மென்பொருள் இருக்கிறது. நீங்கள் இணையப் பக்கத்தில் சொடுக்கும்போதும் அதனிடம்தான் சொல்கிறீர்கள். ஸ்கிரிப்ட் சொல்வதும் அதனிடம்தான். ட்ரூநாஸின் இணையப் பக்கமே உள்ளே ஏபிஐ அழைப்புகளால்தான் ஓடுகிறது. எனக்கு மிகவும் பயன்பட்ட ஒரு வழி இதிலிருந்துதான் கிடைத்தது: உலாவியின் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, வலையமைப்புப் பகுதியைப் பார்த்துக்கொண்டே, வழக்கம்போல ஒரு மாணவருக்குக் கையால் இடம் போடுங்கள். எந்த அழைப்பு போனது, என்னென்ன விவரம் எந்தப் பெயரில் போனது, என்ன பதில் வந்தது என்பதெல்லாம் கண்முன்னே ஓடும். உங்கள் ஸ்கிரிப்டுக்கான மாதிரி அதுதான்.

பதிப்பு விஷயத்தில் கவனம் தேவை. ட்ரூநாஸ் பல ஆண்டுகளாக ரெஸ்ட் முறையில் (மேலே சொன்ன எச்டிடிபி கோரிக்கைகள் வழியாக) ஒரு ஏபிஐ வைத்திருந்தது. 25.04 பதிப்பிலிருந்து அதைக் கைவிடும் பாதையில் போகிறது. அதன் இடத்தில் வெப்சாக்கெட் என்ற, திறந்தே இருக்கும் இணைப்பின் மேல் ஜேசன்-ஆர்பிசி 2.0 என்ற அழைப்பு முறை வருகிறது. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் பெரும்பாலானவை பழைய ரெஸ்ட் வழியில் எழுதப்பட்டவை. அதைப் பார்த்து எழுதி, அடுத்த மேம்படுத்தலில் எல்லாம் நின்றுபோக விடாதீர்கள். சேமிப்பகத்தோடு பேசும் வரிகள் அனைத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள்: "எல்லாவற்றையும் பட்டியலிடு", "உருவாக்கு", "கோட்டாவை மாற்று" என்று மூன்று நான்கு செயற்கூறுகள் போதும். மாணவர் பட்டியலைப் படிப்பது, ஒப்பிடுவது, பதிவேடு எழுதுவது எல்லாம் வேறு கோப்பில் இருக்கட்டும். வழி மாறினால் முதல் கோப்பை மட்டும் மாற்றி எழுதலாம்.

மட்டக்களப்புக்கு வரும் சேமிப்பகம் வேறு தயாரிப்பாக இருந்தாலும் இதே ஏற்பாடு கைகொடுக்கும். எல்லாச் சேமிப்பகங்களும் ஒரே மொழி பேச வேண்டும் என்று ஸ்னியா என்ற சேமிப்பகத் துறை அமைப்பு நெடுநாளாக முயல்கிறது. அதற்கான பொதுத் தரமாக முன்பு எஸ்எம்ஐ-எஸ், 2016இலிருந்து ஸ்வோர்ட்ஃபிஷ். ஆனாலும் நடைமுறையில் ஒவ்வொரு தயாரிப்பையும் அதனதன் ஏபிஐ வழியாகக் கையாள்வதே வழக்கமாக இருக்கிறது. நெட்ஆப் நிறுவனத்தின் சேமிப்பக மென்பொருளான ஆன்டாப், 9.6 பதிப்பில்தான் ரெஸ்டுக்கு வந்தது; அதற்கு முன் எக்ஸ்எம்எல்லில் வேறொரு முறை. ஒன்றைப் பழகியவர் இன்னொன்றையும் சில நாட்களில் பிடித்துக்கொள்வார். சொற்கள்தான் வேறு, கேட்டுவிட்டுச் செய்யும் ஒழுங்கு ஒன்றே.

இனி உங்கள் 20 ஜிபிக்கு வருகிறேன். இதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன.

முதலாவது, ஏபிஐ அளவைப் பைட்டில் கேட்கும். 20 ஜிபி என்று நினைத்து 20,000,000,000 என்று எழுதலாம். 21,474,836,480 என்றும் எழுதலாம். இரண்டாவது எண் 1,024 மடங்குக் கணக்கில் வருவது. ட்ரூநாஸின் இணையப் பக்கம் காட்டுவது அந்தக் கணக்கைத்தான். ஒருவருக்கு வித்தியாசம் ஏறத்தாழ 1.47 ஜிபி. 180 பேருக்கு 265 ஜிபி. எதைத் தெரிவு செய்தாலும் சரி, ஆனால் ஒன்றையே எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள். பாதி மாணவருக்குக் கையாலும் பாதிப் பேருக்கு ஸ்கிரிப்டாலும் போட்டால் இரண்டு அளவும் கலந்து கிடக்கும். ஒப்பிட்டுத் திருத்தும் ஸ்கிரிப்ட் முதல் ஓட்டத்திலேயே பாதியைத் "திருத்தத்" தொடங்கிவிடும்.

இரண்டாவது கண்ணி ஆழமானது. ட்ரூநாஸ் பயன்படுத்தும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் கோட்டா என்று ஒன்று, ரெஃப்கோட்டா என்று இன்னொன்று. முதலாவது அந்த டேட்டாசெட், அதன் கீழுள்ளவை, அவற்றின் ஸ்னாப்ஷாட்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும். இரண்டாவது டேட்டாசெட்டில் இப்போது நேரடியாக உள்ள தரவை மட்டும் கணக்கிடும். நீங்கள் நாள்தோறும் ஸ்னாப்ஷாட் எடுக்கிறீர்கள். மாணவர் ஒருவர் 15 ஜிபி காணொளியை வைத்து, வேலை முடிந்ததும் அழிக்கிறார். வெறும் கோட்டா போட்டிருந்தால் அந்த 15 ஜிபி ஸ்னாப்ஷாட்டில் தங்கி அவருடைய கணக்கிலேயே நிற்கும். கோப்புறை வெறுமையாகத் தெரியும், ஆனால் 6 ஜிபி கோப்பைக்கூட உள்ளே வைக்க முடியாது. அவருக்கு விளங்காது, நீங்களும் அரைநாள் தேடுவீர்கள். மாணவர்களுக்கு ரெஃப்கோட்டா போடுங்கள். மொத்த இடத்தைக் காக்கத் தாய் டேட்டாசெட்டுக்கு ஒரு கோட்டா போடுங்கள்.

ஸ்னாப்ஷாட்டுக்கு 180 அட்டவணைகள் வேண்டவே வேண்டாம். தாய் டேட்டாசெட்டுக்கு ஒன்று போட்டுக் கீழுள்ளவற்றையும் சேர்த்து எடுக்கச் சொன்னால் போதும். 14 நாள் வைத்திருந்தால் 180 பேருக்கு 2,520 ஸ்னாப்ஷாட்கள், தாங்கக்கூடிய எண்ணிக்கைதான். அவற்றைப் பார்க்கும்போது நேரத்தையும் கவனியுங்கள். ஏபிஐ தரும் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நமக்கு நள்ளிரவு 12 மணி என்பது அங்கே முந்தைய நாள் மாலை 6.30. "15ஆம் திகதி ஸ்னாப்ஷாட்டை மீட்டுத் தா" என்று யாராவது கேட்டால் இந்த ஐந்தரை மணி நேரத்தை மறந்துவிடாதீர்கள்.

மாணவர் பெயரை டேட்டாசெட்டின் பெயராக வைக்காதீர்கள். தமிழ் எழுத்தை இசட்எஃப்எஸ் டேட்டாசெட் பெயராக ஏற்காது. ஆங்கில எழுத்தில் எழுதினால் நம் ஊரில் ஒரே பெயருக்கு நான்கு எழுத்துக்கூட்டு இருக்கும்; முகம்மது என்ற ஒரு பெயரையே ஒரு வகுப்பில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பதிவெண் மட்டுமே போதும்.

ரெஸ்ட் வழியில் வரும் பதில் எண்களை வாசிக்கும் விதம். 200, 201 என்றால் ஆயிற்று. 401 என்றால் திறப்பு (ஏபிஐக்குள் நுழைய ஸ்கிரிப்ட் காட்டும் சாவி) செல்லவில்லை, 403 என்றால் திறப்பு செல்கிறது ஆனால் உரிமை இல்லை. 404 பிழையே அல்ல, சில வேளைகளில் அதுதான் நீங்கள் தேடும் பதில்: "இல்லை, உருவாக்கலாம்". 429 வந்தால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள். ஒன்றன்பின் ஒன்றாக, அரை விநாடி இடைவெளி விட்டு அனுப்புங்கள். 503 என்றால் சற்றுப் பொறுத்து மீண்டும் முயலலாம். 4 இல் தொடங்கும் மற்றவற்றை அப்படியே திருப்பி அனுப்புவதில் பயனில்லை.

202ஐ மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பொருள் "கேட்டுக்கொண்டேன், செய்கிறேன்" என்பதுதான். "செய்துவிட்டேன்" என்பது அல்ல. ஆன்டாப் போன்ற சேமிப்பகங்கள் நேரம் எடுக்கும் வேலைக்கு 202ஓடு ஒரு வேலை அடையாளத்தைத் தரும். ட்ரூநாஸிலும் அனுமதி மாற்றுவது போன்ற வேலைகளுக்கு ஒரு வேலை எண்தான் உடனே திரும்பும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு "முடிந்ததா?" என்று சில விநாடிக்கு ஒருமுறை கேட்க வேண்டும். முடிந்தது என்ற பின்னும், முடிவு வெற்றியா தோல்வியா என்று பார்க்க வேண்டும். எண் கிடைத்ததுமே பதிவேட்டில் "சரி" என்று எழுதிவிடும் ஸ்கிரிப்டை நம்பாதீர்கள்.

அழிப்பது பற்றி எனக்கு நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், மட்டக்களப்பில் நான் பொறுப்பாக இருந்த ஓரிடத்தில், படிப்பை முடித்துப் போனவர்களின் இடங்களை அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பதிவெண் பட்டியல் எக்செல்லிலிருந்து சேமித்த சிஎஸ்வி கோப்பு. அதன் கடைசியில் ஒரு வெற்று வரி இருந்தது. ஸ்கிரிப்ட் பாதையை உருவாக்கிய விதம் இது: தாய் டேட்டாசெட்டின் பெயர், ஒரு சாய்கோடு, பதிவெண். பதிவெண் வெறுமையானபோது தாயின் பெயரும் சாய்கோடும் மட்டும் மிஞ்சின. கடைசிச் சாய்கோடு இருந்தால் நீக்கிவிடும் ஒரு வரியை நானே முன்பு சேர்த்திருந்தேன். "கீழுள்ளவற்றையும் சேர்த்து அழி" என்ற தெரிவும் போட்டிருந்தேன். திரையில் ஒவ்வொரு பதிவெண்ணுக்கும் எதிரே "சரி", "சரி" என்று இறங்கிக்கொண்டே வந்தது. கடைசி "சரி" மட்டும் வரவில்லை. ஐந்து விநாடி, பத்து விநாடி. அந்தத் தாமதத்தில்தான் நான் செய்தது எனக்கு விளங்கியது. வலைக் கம்பியைப் பிடுங்கினேன். ஆனால் கோரிக்கை அதற்கு முன்பே சேமிப்பகத்துக்குப் போய்விட்டிருந்தது.

முந்தைய இரவு இன்னொரு கட்டடத்துச் சேமிப்பகத்துக்குப் பிரதி போயிருந்ததால் பெரும்பகுதியைத் திரும்பக் கொண்டுவந்தோம். அன்று காலையிலிருந்து மாணவர்கள் செய்த வேலை திரும்பவில்லை. ஒப்படைக்கு இரண்டு நாள் இருந்த நேரம். ஒரு மாணவி தன்னுடைய வரைபடங்களை மறுபடி வரைய இரவு பத்து மணிவரை ஆய்வுகூடத்தில் இருந்தார். அவருடைய தாயார் துணைக்கு வந்து, பின்வரிசைக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

அதன்பின் நான் மாற்றிக்கொண்டவை இவை. பதிவெண் நிறுவனத்தின் வடிவத்துக்குப் பொருந்தாவிட்டால் ஸ்கிரிப்ட் அந்த வரியைத் தாண்டிப் போகாது, முழுவதுமாக நின்றுவிடும். அழிக்க வேண்டிய பாதையில் எத்தனை படிகள் இருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கும். ஒரே ஓட்டத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் அழிக்க வேண்டியிருந்தால் தொடங்கவே செய்யாது. அழிக்கும் ஸ்கிரிப்ட் தனிக் கோப்பு. அட்டவணை போட்டு அது ஓடுவதில்லை, ஒருவர் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். அதற்கும் முன்னால், போனவர்களின் டேட்டாசெட்டை வாசிக்க மட்டும் முடிந்ததாக ஏபிஐ வழியாக மாற்றி, ஒரு மாதம் அப்படியே வைத்திருப்பேன். அந்த மாதத்தில் யாராவது வந்து கேட்பது அநேகமாக எல்லா ஆண்டும் நடக்கிறது.

திறப்பு பற்றி. ஏபிஐ திறப்பு என்பது கட்டடத்தின் திறப்பைப் போன்றதே. ட்ரூநாஸின் புதிய பதிப்புகளில் அது ஒரு பயனாளரோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பயனாளருக்கு என்ன உரிமையோ அதுவே திறப்புக்கும். முழு நிர்வாகியின் பெயரில் திறப்பு எடுக்க வேண்டாம். அறிக்கைக்கு வாசிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு பயனாளர், இடம் போடுவதற்கு இன்னொருவர். திறப்பை ஸ்கிரிப்டுக்குள் எழுதாதீர்கள்; உங்களுக்கு மட்டும் வாசிக்கக்கூடிய தனிக் கோப்பில் வையுங்கள். எச்டிடிபிஎஸ் இல்லாமல் அனுப்பவே கூடாது. சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் சரிபார்ப்பை அணைத்துவிடும்படி பல மாதிரிகள் சொல்லும். அணைக்காதீர்கள், சேமிப்பகத்தின் சான்றிதழை ஸ்கிரிப்ட் ஓடும் கணினியில் ஏற்றுங்கள், பத்து நிமிட வேலை. அந்தக் கணினியும் சேமிப்பகம் இருக்கும் அதே அறையில், அதே யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். வலையமைப்பு சுவிட்சையும் சேர்த்து அதில் போடுங்கள். வீட்டிலிருந்து கைப்பேசி இணைப்பில் ஓட்ட வேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு வந்துவிட்டோம். முதல் இரண்டு கிழமை கெட் மட்டும். காலை ஏழு மணிக்கு ஓடி, பூல் (வட்டுகளின் மொத்த இடம்) எவ்வளவு நிறைந்திருக்கிறது, எந்த மாணவர் தன் அளவின் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டார், நேற்றைய ஸ்னாப்ஷாட் எடுக்கப்பட்டதா என்று மூன்று வரி அறிக்கை எழுதட்டும். பூல் 80 சதவீதத்தைத் தாண்டினால் உங்களை எச்சரிக்கட்டும். இதில் எதையும் கெடுக்க முடியாது. ஆனால் திறப்பு, சான்றிதழ், ஜேசன் வடிவம், நேரம் எல்லாம் இதிலேயே பழகிவிடும். மொழி பைதன் போதும். நூறு வரிக்குள் அடங்கிவிடும். அன்சிபிள் நல்ல தானியக்கக் கருவிதான், "இப்படி இருக்க வேண்டும்" என்று எழுதும் முறைக்காகவே உருவானது. ஆனால் இரண்டாவது சேமிப்பகம் வந்து நிலைத்த பிறகு அதற்குப் போங்கள். ஒரே நேரத்தில் இரண்டு புதிய விஷயங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அடுத்து, பழைய கணினி ஒன்றில் மெய்நிகர் இயந்திரமாக ட்ரூநாஸை நிறுவி, அதன்மேல் எழுதும் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். முதலில் எதையும் மாற்றாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் அச்சிடும் முறையில். அந்தப் பட்டியலை வரி வரியாக வாசியுங்கள். பிறகு உண்மையாக ஓட்டுங்கள். 60, 70 பேரைத் தாண்டும்போது கம்பியைப் பிடுங்குங்கள். மறுபடி செருகி அதே கட்டளையைக் கொடுங்கள். முடிந்ததும் மூன்றாவது முறையும் ஓட்டுங்கள். அந்த ஓட்டத்தில் "மாற்றம் எதுவும் இல்லை" என்று 180 வரிகள் வர வேண்டும். வராத வரி ஒன்றிருந்தாலும் கல்முனைச் சேமிப்பகத்தில் கை வைக்காமல் பதிவேட்டை எனக்கு அனுப்புங்கள். திறப்பை அழித்துவிட்டு அனுப்புங்கள்.